மதனபல்லியின் எட்டாவது பிள்ளை

1980-களின் பிற்பகுதியில் நான் சித்தூர் மாவட்டத்தில் உத்தியோகம் பார்த்தேன். ஜாகை திருப்பதியில். மாதத்துக்கு இரண்டு தடவையாவது பீலேர் வழியாக மதனபல்லிக்கு ஆபீஸ் காரியமாகப் போக வேண்டியிருக்கும். டெல்லி, மும்பை, கொல்கத்தா என்று எங்கெங்கிருந்தோ உறவினர்கள் திருமலைக்கு வருவார்கள். சேவித்துவிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு, அன்று மாலையே ரயில் ஏறிவிடுவார்கள். கீழ்த் திருப்பதியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் மதனபல்லிக்கு ஒருவரும் வந்ததில்லை. அந்த ஊரில் ஒரு நாள் எனக்கு ஒரு வீட்டைக் காட்டி, ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது இங்கேதான் என்றார்கள். அப்போது அவர் காலமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது.

அவருடைய தத்துவத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் படித்தது பௌதிகம். அவருடைய கூட்டங்களுக்குப் போய்வந்த நண்பர்கள் சொல்வதில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது முதல் பதினாலு வருஷத்திலேயே நின்றுவிட்டேன். படித்த குடும்பம், அரசாங்க உத்தியோகத்திலிருந்த தகப்பனார், சாஸ்திரோக்தமான வீடு. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை தலையில் பேனும், விலா எலும்பு தெரியும் உடம்புமாக, மக்கு என்று பேர் வாங்கிக்கொண்டு வளர்ந்தது எப்படி என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

தகப்பனார் ஜிட்டு நாராயணய்யா தெலுங்கு ஸ்மார்த்தப் பிராம்மணர். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி, ரெவின்யூ இலாகாவில் தாசில்தார் வரை உயர்ந்தவர். அந்தக் காலத்தில் இது சாமானியமான பதவி அல்ல. மதனபல்லி அப்போது கடப்பா ஜில்லாவில் இருந்தது. 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா உருவானபோது அதில் சேர்ந்து, 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயிற்று. நாராயணய்யா 1882-லேயே பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்டார். வீட்டில் சந்தியாவந்தனமும் மடியும் ஒரு பக்கம். வெள்ளைக்காரர்கள் நடத்தும், சர்வ மதமும் சமம் என்ற சபை ஒரு பக்கம். தாயார் சஞ்சீவம்மாவின் பூஜை அறையில் ஸ்வாமி படங்களோடு அன்னி பெசண்ட் அம்மையாரின் படமும் இருந்ததாம்.

அந்த அம்மாளும் சாதாரணமானவர் அல்ல. எட்டாவது பிரசவத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பூஜை அறை. தீட்டு என்று வீட்டார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. 1895 மே 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அந்த அறையில் பிறந்த பிள்ளைக்கு, எட்டாவது என்பதால் கிருஷ்ணன் என்று பேர் வைத்தார்கள். ஜாதகம் கணித்த ஜோசியர், பெரிய மகானாக வருவான் என்றார். நம் வீடுகளில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு ஜோசியர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு வயதில் கடப்பாவில் குழந்தைக்கு மலேரியா வந்தது. ஏறக்குறைய அதே சமயம், 1897 ஆகஸ்டில், செகந்திராபாத் ராணுவ ஆஸ்பத்திரியில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த விவரமெல்லாம் கடப்பா வீடுகளுக்கு வந்துசேர இன்னும் பல வருஷம் இருந்தது. ஜுரம் போவதும் வருவதுமாக நீடித்தது, மூக்கில் ரத்தம் வேறு. ஒரு முழு வருஷம் பையன் பள்ளிக்கூடமே போகவில்லை. போன காலத்திலும் தகப்பனாரின் மாற்றலுக்குத் தகுந்தபடி ஊர் ஊராகப் பள்ளி மாறியது. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். என் பிள்ளைகளும் பத்து வருஷத்தில் நாலு பள்ளிக்கூடம் பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க அம்மா இருந்தாள்.

கிருஷ்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. வெறுமனே மரத்தையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பான். கையில் இருக்கும் சிலேட்டுக் குச்சியை யாராவது ஏழைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு வருவான். தாயார் தின்பண்டம் கொடுத்தால் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைத் தம்பிகளுக்குக் கொடுத்துவிடுவான். மூன்று வயது சின்னவனான நித்யானந்தன் கெட்டிக்காரன். பாடத்தைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்வான். ஒப்பிட்டுப் பேசப் பக்கத்திலேயே ஒரு தம்பி இருந்தால் மூத்தவன் பாடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

ஒரு சம்பவத்தை மட்டும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அந்த மக்குப் பையன் தகப்பனாரின் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான். சக்கரம் ஒரு பக்கம், வில் ஒரு பக்கம். திரும்பப் பூட்டுகிற வரைக்கும் பள்ளிக்கூடம் போக மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். பூட்டியும் விட்டான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எது எதோடு இணைகிறது என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளையை மக்கு என்று சொன்னவர்களுக்கு எதை வைத்து அளக்கத் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஒப்பிப்பதை வைத்துத்தான் அளந்திருப்பார்கள்.

1904-இல் அவனுடைய அக்கா இருபது வயதில் இறந்துபோனாள். தோட்டத்தில் அவள் நடமாடுவது தெரிகிறது என்று தாயார் சொல்வார். பையனையும் அழைத்துப் போய்க் காட்டுவார், அவனும் பார்த்ததாகச் சொல்வான். அடுத்த வருஷம், 1905 டிசம்பரில், தாயாரும் போய்விட்டார். பையனுக்குப் பத்து வயது. அதற்குமுன் பல குழந்தைகளை இழந்திருந்த வீடு அது. மீந்தது ஆபீஸ் வேலையிலும் சபை சிந்தனையிலும் மூழ்கிய ஒரு தகப்பனாரும், வெவ்வேறு வயதில் பிள்ளைகளும். கடைக்குட்டி சதானந்தன் மனவளர்ச்சி குன்றிய குழந்தை. அம்மா போனபிறகு தங்களைச் சரியாகக் கவனிக்க யாருமில்லை என்று பிற்காலத்தில் கிருஷ்ணமூர்த்தி எழுதியபோது அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அது ஒரு தகவலாக மட்டுமே இருக்கிறது. எனக்கு என்னவோ அதுதான் அதிகம் உறுத்தியது.

1907-இல் குடும்பம் மதனபல்லிக்குத் திரும்பிற்று. அந்த வருஷக் கடைசியில் நாராயணய்யா ஓய்வு பெற்றார். பென்ஷன் பாதிச் சம்பளம். பென்ஷன் பேப்பரை வைத்துக்கொண்டு பல இரவு கணக்குப் போட்டவன் என்பதால் அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. அடையாறில் ஏதாவது வேலையும் தங்க இடமும் தரும்படி பெசண்ட் அம்மையாருக்கு எழுதினார். பிள்ளைகள் இருந்தால் சரிப்படாது என்று அவர் மறுத்தார். திரும்பத் திரும்ப எழுதி, கடைசியில் சபையில் ஒரு உதவிச் செயலாளர் வேலை கிடைத்தது. 1909 ஜனவரி 23 அன்று நாலு பிள்ளைகளோடும் ஒரு மருமானோடும் அடையாறு வந்து சேர்ந்தார்.

சபையின் தோட்டத்துக்குள்ளே அவர்களுக்கு இடமில்லை. வெளியே, கழிப்பிட வசதிகூட இல்லாத ஒரு பாழடைந்த சிறிய வீடு. நாராயணய்யாவின் சகோதரி, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், சமையலைப் பார்த்துக்கொண்டார். சமையல் சுமார்தான் என்று எழுதியிருக்கிறார்கள். கிருஷ்ணனும் நித்யாவும் தினம் மயிலாப்பூர் பெண்ணாத்தூர் சுப்ரமணியம் உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று மைல் நடந்து போய், மூன்று மைல் நடந்து வருவார்கள். கிருஷ்ணனுக்குப் பள்ளியில் தினம் பிரம்படி. தெலுங்குப் பிள்ளை, ஊர் புதிது. பாடம் தமிழிலும் இங்கிலீஷிலும். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்போது அந்தப் பையன் எப்படி இருந்தான் என்பதைப் பார்த்தவர்கள் விவரித்திருக்கிறார்கள். முன்தலை சிரைத்து, பின்னால் நீண்டு தொங்கும் கூந்தல். விடாத இருமல். கோணல் பல். அழுக்கு. எப்போதும் திறந்தே இருக்கும் வாய். 1909 ஏப்ரல் வாக்கில் அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்தருகே, சாயங்காலம் கடலில் குளிக்க வந்த லெட்பீட்டர் இந்தப் பையனைப் பார்த்தார். சபையின் பெரிய தலைகளில் ஒருவர் அவர். தூர திருஷ்டி உள்ளவர் என்று பேர். சுயநலத்தின் சாயலே இல்லாத ஒளிவட்டம் இவனைச் சுற்றித் தெரிகிறது, உலக குருவாக வரப்போகிறவன் இவன் என்று அறிவித்தார். கூட இருந்த எர்னஸ்ட் வுட் என்ற இளைஞர் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடத்தில் உதவியவர். இந்த மந்த புத்திக்காரனா என்று அவருக்கு ஆச்சரியம்.

ஒளிவட்டத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அந்தப் பையனை அதற்கு முன் ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

பார்த்த பிறகு நடந்ததோ தலைகீழ். பிரம்படி காரணமாகப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், தகப்பனாரும் சம்மதித்தார். கூந்தலை வெட்டி, பல்லைச் சரிசெய்து, சுத்தமாகக் குளிக்க வைத்து, சத்தான உணவு கொடுத்தார்கள். சைக்கிள், டென்னிஸ், நீச்சல் பழக்கினார்கள். பாடத்துக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர். எழுந்திருப்பது முதல் படுப்பது வரை யாராவது கூட இருப்பார்கள். வாயைத் திறந்துகொண்டு நின்றான் என்று லெட்பீட்டரே ஒரு நாள் மோவாயில் அடித்துவிட்டார். அன்றோடு அவரிடம் இருந்த ஒட்டுதல் விட்டுப்போயிற்று என்று கிருஷ்ணமூர்த்தி பின்னால் சொல்லியிருக்கிறார். 1909 நவம்பர் 27-ஆம் தேதி சென்னை ரயில் நிலையத்தில் பெசண்ட் அம்மையாரைப் பிள்ளைகள் முதல் முதலாகப் பார்த்தார்கள். பூஜை அறைப் படத்தில் இருந்தவர் நேரில் வந்து இறங்கினார். தாயில்லாத இரண்டு பிள்ளைகளும் அவரை அம்மாவாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாசம் அவர் 1933-இல் காலமாகும் வரை குறையவில்லை.

1910 மார்ச் 6-ஆம் தேதி நாராயணய்யா, தம் இரண்டு பிள்ளைகளுக்கும் பெசண்ட் அம்மையாரைக் கார்டியனாக நியமித்துக் கையெழுத்திட்டார். 1911-இல் கிருஷ்ணனைத் தலைவனாக வைத்துக் கீழைத் தாரகை சங்கம் தொடங்கியது. அதே வருஷம் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போனார்கள். தகப்பனாருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். லெட்பீட்டரின் நடத்தை பற்றி 1906-லேயே சபைக்குள் பெரிய அபவாதம் எழுந்து, அவர் விலகி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர். அவருடைய சகவாசம் என் பிள்ளைகளுக்குக் கூடாது என்று நாராயணய்யா கேட்டார். பேச்சு முறிந்து, 1912 அக்டோபரில் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தகப்பனார் தரப்பில் வாதாடியவர் நம் சர் சி.பி. ராமஸ்வாமி அய்யர். அம்மையார் தமக்காகத் தாமே வாதாடினார். பின்னாளில் ஹோம் ரூல் இயக்கத்தில் இந்த இருவரும் ஒரே அணியில் நின்றது ஒரு வேடிக்கை.

1913 ஏப்ரல் 15-ஆம் தேதி நீதிபதி பேக்வெல் தீர்ப்பு வழங்கினார். லெட்பீட்டர் மீது சொல்லப்பட்ட குறிப்பிட்ட செயல் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அவருடைய கருத்துக்கள் ஒழுக்கக்கேடானவை, பிள்ளைகள் அருகில் இருக்கத் தகுந்தவர் அல்ல என்றும், பிள்ளைகளைத் தகப்பனாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவு. அப்பீலிலும் தகப்பனாரே ஜெயித்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1914 மேயில் இதைத் தள்ளிவிட்டது. சட்டம் படித்த அங்கத்தினர்களுக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கும். கார்டியன் விவகாரங்களில் பல காலம் மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்பு. தகப்பன் தன் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அது ஒரேயடியாகக் கைமாறுகிற சொத்து அல்ல என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கும்போது செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை; அதோடு, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன இஷ்டம் என்று யாருமே கேட்கவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் வழக்கு நடந்து, மூன்று நீதிமன்றங்களைத் தாண்டி, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த நீதிபதிகளுக்குத்தான் அது தோன்றியிருக்கிறது.

இங்கிலாந்து வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கின் அவப்பேரால் ஆக்ஸ்போர்டு கல்லூரிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. லண்டன் மெட்ரிகுலேஷனில் மூன்று முறை தேறவில்லை. மூன்றாம் முறை வெற்றுத் தாளையே கொடுத்துவிட்டு வந்தார். நித்யா வழக்கம்போல் தேறினார். புது டெல்லியைக் கட்டிய லட்யென்ஸ் துரையின் மனைவி எமிலி அம்மையார் அந்தக் குளிர் தேசத்தில் இவர்களுக்குத் தாய் போல் இருந்தார். 1921 இறுதியில் சகோதரர்கள் ஊர் திரும்பித் தகப்பனாரைப் போய்ப் பார்த்தபோது கிருஷ்ணமூர்த்திக்குத் தெலுங்கு மறந்துபோயிருந்தது. பெற்ற தகப்பனோடு பேசத் தாய்மொழி இல்லை.

உடைகளும் கோட்டைகளும் ஆயிரக்கணக்கில் பக்தர்களும் இருந்தாலும், சொந்தம் என்று அவருக்கு இருந்தது நித்யா ஒருவர்தான். கடப்பா ஜுர காலத்திலிருந்து, மயிலாப்பூர் நடையிலிருந்து கூட வந்தவர். அவருக்குக் காசநோய் கண்டது. மதனபல்லிக்குப் பக்கத்திலேயே ஆரோக்யவரத்தில் 1915 முதல் பெரிய காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. இவர்களோ சுவிட்சர்லாந்து, பிறகு கலிபோர்னியாவின் ஓஹாய் என்று தேடிப் போனார்கள். தம்பிக்கு ஒன்றும் ஆகாது, அவர் பணிக்குத் தேவைப்பட்டவர் என்று சபையின் பெரியவர்கள் சத்தியம் போல் சொல்லியிருந்தார்கள். அதை நம்பிக் கிருஷ்ணமூர்த்தி இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1925 நவம்பர் 13-ஆம் தேதி நித்யா ஓஹாயில் இறந்தார். சூயஸ் கால்வாயில் கப்பலுக்குத் தந்தி வந்தது. நாள்கணக்கில் அறையில் அழுதுகொண்டிருந்ததாக உடன் பயணம் செய்தவர்கள் சொல்கிறார்கள். பிறர் வாக்கை நம்பியது அதோடு போயிற்று.

நாலு வருஷம் கழித்து, 1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில் பெசண்ட் அம்மையாரும் சுமார் மூவாயிரம் அங்கத்தினர்களும் கூடியிருக்க, தமக்காகவே அமைக்கப்பட்ட சங்கத்தைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். உண்மைக்குப் பாதை கிடையாது, எவரும் இன்னொருவரை அங்கே அழைத்துப் போக முடியாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்பது சாரம். காணிக்கையாக வந்த கோட்டையையும் நிலங்களையும் கொடுத்தவர்களிடமே திருப்பினார். வயது 34. நான் கடிகாரத்தை நினைத்துக்கொண்டேன். அதையும் அவன் யாரையும் கேட்காமல்தான் கழற்றினான்.

அந்தக் கவனிப்பில்லாத பால்யம்தான் அவரை மகானாக்கியது என்று சில அன்பர்கள் சொல்கிறார்கள். யாரும் எதையும் புகட்டாததால் மனம் காலியாகவே இருந்தது, அதுவே பாக்கியம் என்று. அவரேகூட அந்தப் பையனை யாரோ மூன்றாம் மனிதனைப் போல, எதுவும் அவன் மேல் ஒட்டாமல் போனது எப்படி என்று வியந்து கேட்பதுண்டு. தமக்குச் சிறுவயது ஞாபகமே இல்லை என்பார். எனக்கு இதில் சம்மதமில்லை. அதே வீட்டில் அதே பட்டினியில் வளர்ந்த நித்யா 27 வயதில் போனார். சதானந்தன் கடைசிவரை மூத்த அண்ணா சிவராமின் ஆதரவில் இருந்தார். ஒரு பிள்ளை பிழைத்து வந்ததை வைத்து அந்த வீட்டுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. இன்னொன்றும் தோன்றுகிறது. கவனிக்காத வீட்டிலிருந்து வெளியே வர அவருக்குப் பதினாலு வருஷம் ஆயிற்று; அளவுக்கு மீறிக் கவனித்த கூட்டத்திலிருந்து வெளியே வர இருபது வருஷம் ஆயிற்று.

நாராயணய்யாவைப் பற்றியும் கடுமையாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மனைவி போய், பாதிச் சம்பளத்தில், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து ஆண்மகன் என்ன செய்திருக்க முடியும்? கொடுத்ததும் அவர்தான், திரும்பக் கேட்டதும் அவர்தான். நடுவில் பிள்ளைக்குப் பேன் எடுத்துவிட மட்டும் யாருக்கும் நேரமில்லை.

மதனபல்லியிலிருந்து சுமார் பத்து மைலில், மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவே, 1920-களின் பிற்பகுதியில் அவருக்காக நிலம் வாங்கினார்கள். அதுதான் ரிஷி வேலி பள்ளி. போன போது பெரிய ஆலமரத்தின் கீழ் சில பிள்ளைகள் ஆசிரியரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் பாடத்தைக் கவனிக்காமல் மரத்தின் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அடி கிடையாது, முதல் இடம் இரண்டாம் இடம் என்று ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது கிடையாது என்பது அந்தப் பள்ளியின் ஆரம்பக் கொள்கை. எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

1933-க்குப் பிறகு அடையாறு தோட்டத்துக்குள் அவர் காலடி வைக்கவில்லை. ராதா பர்னியர் 1980-இல் சபைத் தலைவரானதும் அழைத்தார். 47 வருஷம் கழித்து உள்ளே போனார். 1986 ஜனவரி முதல் வாரம் கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் கடைசிச் சொற்பொழிவுகள். உடம்பில் புற்றுநோய் முற்றியிருந்தது. 10-ஆம் தேதி இரவு ஓஹாய்க்கு விமானம். அங்கே பிப்ரவரி 17 அன்று, தொண்ணூறு வயதில், காலமானார். புறப்படும் நாள் சாயங்காலம் அடையாறு கடற்கரைக்கு ஒரு தடவை நடக்கப் போனார். கூட வந்தவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தனியே நின்றார்.